புள்ளி தொலைந்த பெயர்கள்: ஃபெஞ்சல் வெள்ளத்துக்குப் பின் ஒரு தரவுத்தள மீட்பு

2024 டிசம்பர் முதல் வாரத்தில் கடலூரில் ஒரு சிக்கன, கடன் சங்கத்தின் சர்வர் ஃபெஞ்சல் புயலையடுத்து வந்த ஆற்று வெள்ளத்தில் மூழ்கியது. புதுச்சேரியில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் எங்கள் சிறு நிறுவனம் அதன் தரவை மீட்டுக் கொடுத்தது. மீட்கிற வேலையின் நடுவே 187 பேருடைய ஜாமீன்தாரர் பெயர்களை நாங்களே அழித்தும்விட்டோம். தமிழில் தரவு வைத்திருக்கும் எந்தப் பழைய சர்வரிலும் இதே பிழை காத்திருக்கக்கூடும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். சங்கத்தின் ஒப்புதல் பெற்றிருக்கிறோம். உறுப்பினர் பெயர்களை மாற்றியிருக்கிறோம்.

பின்னணி

சங்கத்தில் ஏறக்குறைய 4,100 உறுப்பினர்கள். பாதிக்கு மேல் தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா பக்கத்து மீனவக் குடும்பங்கள். மற்றவர்கள் திருப்பாதிரிப்புலியூரிலும் மஞ்சக்குப்பத்திலும் கடை வைத்திருக்கும் சிறு வியாபாரிகள். அலுவலகம் தென்பெண்ணையிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது.

கணக்கு மென்பொருளை 2014இல் வேறொருவர் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்திருந்தார். இயங்குதளம் உபுண்டு 14.04, தரவுத்தள மென்பொருள் மைஎஸ்க்யூஎல் 5.5. நாங்கள் பராமரிப்பை ஏற்றது 2020இல். அதற்குள் இரண்டுக்குமே ஆதரவு முடிந்திருந்தது: மைஎஸ்க்யூஎல் 5.5க்கு 2018 டிசம்பரில், உபுண்டு 14.04க்கு 2019 ஏப்ரலில். மேம்படுத்த வேண்டும் என்று இருமுறை எழுத்தில் கொடுத்தோம். அந்தச் செலவைச் சங்கம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்தது. சர்வர் வெளி இணையத்துக்குத் திறந்திருக்கவில்லை, அலுவலகத்துக்குள் மட்டுமே ஓடியது என்பதால் நாங்களும் அழுத்திக் கேட்கவில்லை.

பேக்கப் இரண்டு இடங்களில் இருந்தது. தினமும் இரவு மைஎஸ்க்யூஎல்டம்ப் என்ற கருவி ஓடி, தரவு முழுவதையும் ஒரு கோப்பாக (டம்ப்) எழுதும். அந்தக் கோப்பு சர்வரோடு செருகியிருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் விழும். பிறகு ஆர்சிங்க் என்ற படியெடுக்கும் கருவி வழியாக லாஸ்பேட்டையில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒரு படி வரும். மாதம் ஒருமுறை அந்தக் கோப்பின் அளவையும், கடைசி வரியில் டம்ப் முழுமையாக முடிந்தது என்ற குறிப்பு இருக்கிறதா என்பதையும் பார்ப்போம். 2022இல் ஒருமுறை அதைச் சங்கத்தின் சர்வரிலேயே வேறு தரவுத்தளப் பெயரில் எழுப்பிப் பார்த்தோம். தமிழ் சரியாகத் தெரிந்தது. மீட்புச் சோதனை முடிந்தது என்று குறித்துக்கொண்டோம். அதே இயந்திரத்தில், அதே பதிப்பில் எழுப்பியதால்தான் சரியாகத் தெரிந்தது என்பது எங்களுக்கு அப்போது புரியவில்லை.

புயலுக்கு முன்

நவம்பர் 30, சனிக்கிழமை. புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறும் என்று தெரிந்துவிட்டது. காலையிலேயே கணக்கரிடம் போனில் சொல்லி சர்வரை முறைப்படி நிறுத்தச் சொன்னோம். மின்கம்பிகளைக் கழற்றி, இயந்திரத்தைத் தரையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.

மாடிக்கு ஏற்றலாமா என்ற கேள்வி வந்தது. மாடியில் தகரக் கூரை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது அந்தக் கூரை பறந்திருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த செயலாளர் வேண்டாம் என்றார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. அன்றைக்குக் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் இன்றும் அந்த முடிவைத் தவறென்று சொல்ல மாட்டேன். எல்லோர் நினைவிலும் காற்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு இணையம் விட்டு விட்டு வந்ததில் ஆர்சிங்க் பாதியில் நின்றிருந்தது. ஆக, எங்களிடம் முழுமையாக இருந்த கடைசி டம்ப் 28ஆம் தேதி, வியாழன் இரவு எடுத்தது.

ஆறு வந்த நாள்

ஃபெஞ்சல் சனி இரவு புதுச்சேரி அருகே கரையேறிவிட்டு, அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் தெருக்களில் மக்களை மீட்க ராணுவம் வந்தது. லாஸ்பேட்டை மேடு என்பதால் எங்கள் அலுவலகத்துக்குள் தண்ணீர் வரவில்லை. மின்சாரம்தான் இல்லை.

ஞாயிறு மாலை கணக்கர் அழைத்து, சர்வர் மேசைமேல் பத்திரமாக இருக்கிறது என்றார். நாங்கள் நிம்மதியானோம். மறுநாள் திங்கட்கிழமை சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூருக்கு வந்து சேர்ந்தது. மேசையின் உயரம் இரண்டரை அடி. சுவரில் விழுந்த தண்ணீர்க் கறையைப் பிறகு அளந்தபோது மூன்று அடிக்கு மேல் இருந்தது. சர்வரும், அதனோடே செருகியிருந்த வெளி டிஸ்க்கும் சேர்ந்து மூழ்கின.

புதிய சர்வரில் பழைய தரவு

செவ்வாய்க்கிழமை, டிசம்பர் 3. உறுப்பினர்களுக்கு ஆளுக்கு 3,000 ரூபாய் அவசரக் கடன் கொடுப்பதென்று சங்கம் முடிவெடுத்தது. வீட்டுக்குள் சேறு, கையில் காசில்லை, படகும் வலையும் என்ன ஆயின என்று தெரியவில்லை. அந்தப் பணம் புதன்கிழமை காலையில் கைக்குப் போயாக வேண்டும். யாருக்கு ஏற்கெனவே எவ்வளவு பாக்கி என்று பார்க்காமல் கொடுக்க முடியாது. ஆகவே அன்றிரவுக்குள் மென்பொருள் ஓட வேண்டும்.

கடலூர் சாலையில் வெள்ளம் நின்றதால் நேரில் போக வழியில்லை. மும்பையில் ஒரு கிளவுட் சர்வர் வாடகைக்கு எடுத்து, உபுண்டு 22.04 போட்டோம். அதோடு மைஎஸ்க்யூஎல் 8.0உம் பிஎச்பி 8.1உம் வந்தன. பழைய நிரல் தரவுத்தளத்தோடு பேசப் பயன்படுத்திய மைஎஸ்க்யூஎல் சார்புகளை (ஃபங்ஷன்களை) பிஎச்பி 7 வந்தபோதே நீக்கிவிட்டார்கள். எங்கள் குழுவின் இளைய நிரலர் அவற்றை மைஎஸ்க்யூஎல்ஐ (mysqli) என்ற புதிய சார்புகளாக மாற்றினார். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து நான்கு மணி நேரத்தில் அதை முடித்தது நல்ல வேலை.

டம்ப் ஏறியது. உள்நுழைய முடிந்தது. ஆனால் ஒரு வரவைச் சேமிக்கப் போனால் பிழை: தேதிப் புலத்தில் (அட்டவணையின் ஒரு நெடுவரிசையில்) பூச்சியத் தேதி செல்லாது, இன்னொரு புலத்துக்கு இயல்பு மதிப்பு (எதுவும் தராதபோது தானாக நிற்கும் மதிப்பு) இல்லை. பொருந்தாத மதிப்பை ஏற்காமல் மறுக்கும் கண்டிப்பு முறை மைஎஸ்க்யூஎல் 5.7இலிருந்து இயல்பாகவே இயங்குகிறது. பழைய நிரல் அதற்கு முந்தைய தாராளத்தில் எழுதப்பட்டது. இரவு 11 மணி வாக்கில், முழு சர்வருக்கும் கண்டிப்பு முறையை நிறுத்தச் சொன்னேன். பிழைகள் நின்றன. இந்த ஆய்வில் உள்ள முடிவுகளில் இழப்புக்கு நேர்க் காரணமானது இதுதான். அதை எடுத்தவன் நான்.

உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் தமிழே இல்லை. சாய்கோடு போட்ட பிரெஞ்சு 'அ', வட்டத்துக்குள் வணிகக்குறி 'ஆர்', மறுபடி சாய்கோட்டு 'அ' என்று வரிவரியாக நின்றன. செயலாளருக்குத் திரையைப் படம்பிடித்து அனுப்பினோம். "என்ன தம்பி, பேரெல்லாம் பிரெஞ்சுல வருது?" என்றார்.

எண் சரி, பெயர் பிறகு

உறுப்பினர் எண்கள் சரியாக இருந்தன, தொகைகளும் தேதிகளும் சரி. 28ஆம் தேதி மாலை அச்சிட்ட நாள்முடிவுத் தாள் ஒன்று கணக்கர் வீட்டில் இருந்தது. அதன் மொத்தத்தோடு ஒப்பிட்டோம், பைசா பிசகவில்லை. செயலாளர் சொன்னார்: "நம்பர வெச்சே குடுத்துடலாம். ஆள் யாருன்னு எங்களுக்குத் தெரியும். பேர அப்புறம் பாத்துக்கலாம்."

கேட்டால் நியாயமாகவே படும். நாங்கள் ஒப்புக்கொண்டோம். பெயர்கள் தரவுத்தளத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன, திரையில் தெரிவதில்தான் கோளாறு என்று கணித்தோம். பழைய வரிகளைப் பொறுத்தவரை அந்தக் கணிப்பு சரிதான். புதிதாக எழுதப்போகும் வரிகள் என்ன ஆகும் என்று ஒருவர்கூட கேட்கவில்லை. ஒரு பெயரைத் தட்டச்சு செய்து, சேமித்து, மீண்டும் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யவில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் உறுப்பினர் வீட்டுத் திண்ணையில் ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டரோடு 187 பேருக்குக் கடன் வழங்கினார்கள். சங்க விதிப்படி ஒவ்வொரு கடனுக்கும் ஒரு ஜாமீன்தாரர் உண்டு. அவர் பெயரைத் தமிழில் அடித்தார்கள். இரண்டு படி அச்சிட்டு, ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மற்றதை உறுப்பினரிடம் கொடுத்தார்கள். அச்சில் தமிழ் அழகாக வந்தது. மென்பொருள் அந்தச் சீட்டைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அச்சிடவில்லை, திரையில் அடித்ததை அப்படியே அச்சுக்கு அனுப்பியது. அதனால்தான் இரண்டு நாளாக யாருக்கும் ஐயம் எழவில்லை. அந்தக் கையெழுத்துப் படிகள்தான் பிறகு எங்களைக் காப்பாற்றின.

கணக்கரின் கேள்வி

வெள்ளிக்கிழமை காலை, ஜாமீன் பட்டியலைத் திரையில் எடுத்த கணக்கர் அழைத்தார். "சார், பழசெல்லாம் பிரெஞ்சுல இருக்கு. புதுசெல்லாம் வெறும் கேள்விக்குறியா இருக்கு. ரெண்டும் ஒரே பிரச்சினையா, வேற வேறயா?"

இந்த நிகழ்வு முழுவதிலும் கேட்கப்பட்ட சரியான கேள்வி அதுதான். இரண்டும் வேறு வேறு. உடனே புதிய பதிவுகளை நிறுத்தி, தரவுத்தளத்தை அப்படியே ஒரு படி எடுத்து வைத்தோம். விழித்திருந்து நாங்கள் சரியாகச் செய்த முதல் காரியம் அது.

உள்ளே நடந்தது

எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். உயிர்மெய்க்கு ஒட்டும் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறும். 'ம' என்றால் 224, 174, 174. இதே மூன்று எண்களை மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறிமுறையில் படித்தால் 224 பிரெஞ்சின் சாய்கோட்டு 'அ'. 174 வட்டத்துக்குள் 'ஆர்'. செயலாளர் பார்த்த பிரெஞ்சு இதுதான்.

பழைய சர்வரில் அட்டவணைகள் லத்தீன்1. பிஎச்பிக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பும் லத்தீன்1. தமிழின் பைட்டுகள் லத்தீன் எழுத்துகள் என்ற வேடத்தில் உள்ளே போய், அதே வேடத்தில் வெளியே வந்தன. உலாவி அவற்றைத் தமிழாகக் காட்டியது. இரண்டு பக்கமும் ஒரே தவறு என்பதால் பத்து ஆண்டுகள் குறையே தெரியவில்லை.

மைஎஸ்க்யூஎல் 8.0இன் இயல்புக் குறிமுறை யுடிஎஃப்8எம்பி4; முழு யுடிஎஃப்-8க்கு மைஎஸ்க்யூஎல் வைத்த பெயர் அது. நிரல் தன் குறிமுறையைச் சொல்லாவிட்டால், இணைப்பு சர்வர் அறிவிப்பதையே எடுத்துக்கொள்ளும். டம்ப் கோப்பு அட்டவணைகளை லத்தீன்1 ஆகவே உருவாக்கியது, உள்ளிருந்த பைட்டுகளும் பிசகவில்லை. மாறியது இணைப்பு மட்டும். படிக்கும்போது சர்வர் ஒவ்வொரு லத்தீன் எழுத்தையும் முறையாக மொழிபெயர்த்து அனுப்பியது, அதனால் பிரெஞ்சு. எழுதும்போது நிரல் உண்மையான தமிழ் எழுத்தை அனுப்பியது. லத்தீன்1 அட்டவணையில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. கண்டிப்பு முறை இருந்திருந்தால் அந்த இடத்தில் பிழை சொல்லி மறுத்திருக்கும். நாங்கள் அதை நிறுத்தியிருந்ததால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டு, சேமித்தாயிற்று என்றது.

படிப்பதில் நேர்ந்த கோளாறைத் திருப்பலாம். கேள்விக்குறியிலிருந்து பெயரைத் திருப்ப முடியாது.

இந்த நிலையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. 'முருகன்' என்ற பெயரில் ஏழு குறிகள்: ம, உகரக் கொம்பு, ர, உகரக் கொம்பு, க, ன, புள்ளி. மைஎஸ்க்யூஎல்லில் லெங்த் சார்பு பைட்டுகளை எண்ணும், கேர்_லெங்த் சார்பு எழுத்துகளை எண்ணும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் 21, 7 என்று வரும். 21, 21 என்றால் லத்தீன்1 வேடத்தில் தமிழ் இருக்கிறது. பைட் 42ஐத் தொட்டோ தாண்டியோ, எழுத்து 21 என்று வந்தால் யாரோ ஏற்கெனவே ஒருமுறை தவறாக மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு 21, 21 வந்தது. நல்ல செய்தி.

முதல் திருத்தம்: புள்ளி போனது

சனிக்கிழமை, டிசம்பர் 7. இளைய நிரலர் ஒரு பைத்தான் நிரல் எழுதினார். பிரெஞ்சாக வருவதை வாங்கி, லத்தீன்1ஐ ஒத்த விண்டோஸ்-1252 குறிமுறையில் பைட்டுகளாக்கி, அவற்றை யுடிஎஃப்-8 ஆகப் படித்து, புதிய அட்டவணையில் எழுத வேண்டும். சில வரிகளில் பிழை வந்து நின்றதால், மாற்ற முடியாததை விட்டுவிட்டு மேலே போ என்று நிரலுக்குச் சொன்னார். ஓடியது. 4,100 வரிகளும் வந்தன. வெற்று வரி ஒன்றுகூட இல்லை. எழுத்துகள் தமிழ்தான்.

படித்தால் ஏதோ சரியில்லை. எழுத்துருக் கோளாறோ என்று நினைத்து பட்டியலைக் கணக்கருக்கு அனுப்பினோம். பத்து நிமிடத்தில் அழைத்தார்: "சார், ஏழுமலையக் காணோம். ழமலைன்னு ஒருத்தர் இருக்கார். முருகன் எல்லாரும் மரகன ஆயிட்டாங்க."

காரணம் தேடியபோது கிடைத்தது, தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒன்று. விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. தமிழில் மூன்றாம் பைட்டாக 129 வருவது உகரக் கொம்புக்கு; 141 புள்ளிக்கு; 143 'ஏ'வுக்கு; 144 'ஐ'க்கு. 157 மட்டும் தமிழுக்குத் தேவைப்படுவதில்லை. மைஎஸ்க்யூஎல் தன் லத்தீன்1இல் இந்தக் காலி இடங்களையும் எண் மாறாமல் கடத்திவிடும். பைத்தானின் விண்டோஸ்-1252 மறுத்துவிடும். பைத்தானின் லத்தீன்1ஐ வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் உதவாது. மைஎஸ்க்யூஎல் லத்தீன்1 என்று பெயர் சொல்லிக்கொண்டு உள்ளே விண்டோஸ்-1252ஐத்தான் பின்பற்றுகிறது. மறுக்கப்பட்டவற்றை விட்டுவிடு என்று நாங்கள் சொல்லியிருந்ததால், நிரல் தமிழிலிருந்து புள்ளியையும் உகரத்தையும் ஏகாரத்தையும் ஐகாரத்தையும் சலித்து எடுத்துவிட்டது.

ஓலைச்சுவடியில் புள்ளி இடாமல் எழுதுவதே வழக்கம், படிப்பவர் பொருளறிந்து புள்ளி வைத்துப் படித்துக்கொண்டார். கடன் பேரேட்டில் அது ஆகாது. கந்தனும் கந்தனின் மகனும் வேறு வேறு ஆட்கள். பெயரில் ஓர் எழுத்து போனால் கடன் வேறொருவர் தலையில் விழும்.

படியின்மேல் செய்த வேலை என்பதால் இழப்பில்லை. நிரலை விட்டுவிட்டோம்.

இரண்டாம் திருத்தம்

அன்றிரவு, கட்டற்ற மென்பொருள் வட்டத்தில் உள்ள விழுப்புரத்து நண்பர் ஒருவரிடம் கேட்டேன். எழுத்து மாற்றம் எதையும் வெளியே செய்யாதீர்கள், தரவுத்தளத்துக்குள்ளேயே செய்யுங்கள் என்றார். இந்த வேலைக்கு நெடுநாளாக வழக்கத்தில் உள்ள வழி அது: லத்தீன்1 புலத்தை முதலில், எழுத்தென்று கருதாமல் வெறும் பைட்டுகளாக வைக்கும் பைனரி வகைக்கு மாற்ற வேண்டும். அப்போது சர்வர் எதையும் மொழிபெயர்க்காது, பைட்டுகள் அப்படியே நிற்கும். பிறகு அதே புலத்தை யுடிஎஃப்8எம்பி4 எழுத்து வகையாக அறிவிக்க வேண்டும். வேடம் கலைந்து தமிழ் தமிழாக நிற்கும்.

இதில் இரண்டு இடங்களில் தடுக்கினோம். இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் அகவரிசை) உள்ள புலத்தை பிளாப் என்ற பைனரி வகைக்கு மாற்றப் போனால் இண்டெக்ஸின் நீளம் கேட்டு நிற்கிறது. வார்பைனரி என்ற இன்னொரு பைனரி வகை போதும். இன்னொன்று, புலத்தின் வகையை மாற்றும் கட்டளையில் 'காலியாக இருக்கக் கூடாது' என்ற விதியையும் இயல்பு மதிப்பையும் மறுபடி எழுதாவிட்டால் அவை போய்விடும். முதல் ஓட்டத்தில் ஒரு புலத்தின் இயல்பு மதிப்பை அப்படித் தொலைத்தோம். அதன்பின் மாற்றத்துக்கு முந்தைய அட்டவணை அமைப்பையும் பிந்தையதையும் அருகருகே வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டோம்.

இந்த முறை கண்டிப்பு முறையை இயக்கிவிட்டுத்தான் தொடங்கினோம். பெயர்ப் புலம் ஒரே ஓட்டத்தில் மாறியது. ஏழுமலை, ஐயப்பன், முருகன் எல்லோரும் திரும்பி வந்தார்கள். முகவரிப் புலம் பிழை சொல்லி நின்றது.

100 பைட்

முகவரிப் புலத்தின் நீளம் 100. லத்தீன்1இல் அது 100 பைட். தமிழுக்கு 33 குறிகள். 'சிங்காரத்தோப்பு' என்று எழுத 15 குறிகள், 45 பைட். 'தேவனாம்பட்டினம்' அதே 45. நடுவே ஓர் இடைவெளியோடு இரண்டையும் எழுதினாலே 91 ஆகிவிடும், தெருப்பெயருக்கு இடமேது? 5.5 பதிப்பு மிஞ்சியதைச் சொல்லாமல் வெட்டிவிடும். வெட்டு ஒரு குறியின் நடுவே விழுந்தால் கடைசியில் அரை எழுத்து மிஞ்சும். அந்த அரை எழுத்தைத்தான் புதிய சர்வர் ஏற்க மறுத்தது.

நீளம் சரியாக 100 பைட் உள்ள வரிகளைத் தேடினோம். 331 வந்தன. அவற்றில் 214இல் அரை எழுத்து. வெள்ளத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2014இலிருந்தே நடந்துகொண்டிருந்த இழப்பு. கணக்கரிடம் கேட்டபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அதான் சார் நாங்க எப்பவும் சி.தோப்பு, தே.பட்டினம்னு சுருக்கி எழுதுவோம். நீளமா அடிச்சா கடைசியில கட்டம் கட்டமா வரும்." பத்து ஆண்டுகளாக அலுவலக வழக்கமாகவே இருந்திருக்கிறது. நாங்கள் நான்கு ஆண்டுகள் பராமரித்தும் இதைக் கேட்டதில்லை. அவர்களும் அதைக் கோளாறு என்று நினைத்துச் சொன்னதில்லை. இந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

அரை எழுத்துகளை மட்டும் நீக்கி, அந்த 331 உறுப்பினர் எண்களையும் தனிப் பட்டியலாகச் சங்கத்திடம் கொடுத்தோம். குடும்ப அட்டைப் படிகளைப் பார்த்து முகவரிகளை நிரப்பிக்கொண்டார்கள். முடிக்கச் சில வாரங்கள் ஆயின.

முடிவு

டிசம்பர் 9, திங்கட்கிழமை மென்பொருள் தமிழோடு மீண்டும் திறந்தது. 187 ஜாமீன்தாரர் பெயர்களையும் கையெழுத்துப் படிகளைப் பார்த்துக் கணக்கரும் உதவியாளரும் மறுபடி அடித்தார்கள். மூன்று சீட்டுகள் நனைந்து படிக்க முடியாமல் இருந்தன. அந்த மூன்று உறுப்பினர்களையும் போனில் கேட்டு எழுதினார்கள். டம்ப்புக்குப் பின், நவம்பர் 29 அன்று நடந்த 46 வரவுகளும் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையிலிருந்து ஏறின. பணக் கணக்கில் வித்தியாசம் எதுவுமில்லை. மறுபடி அடித்ததற்கான கூலியைச் சங்கம் கேட்கவில்லை. நாங்களே கொடுத்தோம்.

மாற்றிக்கொண்டவை, மாற்ற வேண்டியவை

மீட்பையும் மேம்பாட்டையும் ஒரே இரவில் சேர்த்துச் செய்தது அடிப்படைத் தவறு. அதே பழைய மைஎஸ்க்யூஎல் 5.5ஐ ஒரு கன்டெய்னரில் (சர்வருக்குள் தனித்து ஓடும் சூழலில்) எழுப்பி, வெளி இணையத்துக்குக் காட்டாமல் விபிஎன் என்ற தனி இணைப்பு வழியாக மட்டும் அணுக விட்டிருந்தால், செவ்வாய் இரவே தமிழ் தெரிந்திருக்கும். மேம்பாட்டை இரண்டு வாரம் கழித்து நிதானமாகச் செய்திருக்கலாம். ஆதரவு முடிந்த பதிப்பைப் புதிதாக நிறுவுவதா என்ற தயக்கம் அன்று எங்களைத் தடுத்தது. தயக்கம் நியாயமானது, ஆனால் அந்தக் கணத்தில் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருந்தது.

கண்டிப்பு முறையை முழு சர்வருக்கும் நிறுத்துவதை விட்டுவிட்டோம். பழைய நிரல் முரண்டினால் நிரலைத் திருத்துகிறோம். பழைய தரவு சரியாகப் படிக்க வரும்வரை புதிய தரவை எழுத அனுமதிப்பதில்லை. அவசரம் என்றால் காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். புதிய இணைப்புகள் எல்லாவற்றிலும் குறிமுறையை நிரலே வெளிப்படையாகச் சொல்கிறது.

இட விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. கடலூர்த் தரவுக்கு புதுச்சேரியில் ஒரு படி என்பதை வெளியூர்ப் பேக்கப் என்றே எண்ணியிருந்தோம். இரண்டு ஊருக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. தானே இரண்டுக்கும் நடுவே கரையேறியது. ஃபெஞ்சல் இரண்டையும் சேர்த்து நனைத்தது. எங்கள் அலுவலகம் லாஸ்பேட்டையில் இல்லாமல் ரெயின்போ நகரில் இருந்திருந்தால் இந்த ஆய்வை எழுத எதுவும் மிஞ்சியிருக்காது. இப்போது மூன்றாவது படி ஒன்று தினமும் மும்பைக்குப் போகிறது. புதுச்சேரி, கடலூர், விழுப்புரத்தில் சர்வர் பராமரிக்கும் நண்பர்கள் தங்கள் இரண்டாவது படி எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு இயந்திரத்தில், வேறொரு பதிப்பில் டம்ப்பை எழுப்புகிறோம். வரி எண்ணிக்கை, மொத்தத் தொகை ஆகியவற்றோடு 21, 7 கணக்கையும் பார்க்கிறோம். அதன்பின் ஐம்பது பெயர்களைக் கணக்கரிடம் அனுப்புகிறோம். புள்ளி, உகரம், ஏ, ஐ நான்கும் வரும்படி தேர்ந்தெடுத்த பெயர்கள். அவர் படித்துச் சரி என்று சொன்ன பிறகே சோதனை முடிந்ததாகக் குறிக்கிறோம். அந்த வேலைக்கு அவருக்கு ஒரு மணி நேரக் கூலி எங்கள் பராமரிப்புத் தொகையிலிருந்தே போகிறது.

முகவரிப் புலத்தின் நீளத்தை 255 எழுத்து ஆக்கினோம். பிப்ரவரியில் நேரில் போனபோதும் கணக்கர் 'சி.தோப்பு' என்றே அடித்துக்கொண்டிருந்தார். இனி முழுதாக எழுதலாம் அக்கா என்றேன். சிங்காரத்தோப்பு என்று நிதானமாக அடித்து, சேமித்து, திரையை மூடி, மறுபடி திறந்து பார்த்தார். பதினைந்து குறியும் இருந்தன.